வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்: டர்போ காரில் வேக்குவம் ஏன் குறைகிறது?

போன இதழில் வேக்குவம் கேஜ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் மானி, பற்றி நான்கு வரிதான் எழுதினேன். அதற்குள் இத்தனை கடிதங்கள்! கேஜைப் பொருத்தியவர்கள் எல்லோருமே முள் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். சிலர் பயந்து, தேவையில்லாமல் டர்போவையே மாற்றும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது 2 லிட்டர் பெட்ரோல் டர்போ கார், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) முள் 13 பாதரச அங்குலத்தில் ஆடாமல் நிற்கிறது. 18 முதல் 20 வரை வர வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். லேசான அதிர்வு இருக்கிறது, பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) ஒழுங்காக ஏறுகிறது. கசிவு இருக்கும் என்று நினைத்து வேக்குவம் ஹோஸ்கள் அத்தனையையும் புதிதாக மாற்றினேன், பலன் இல்லை. டர்போ போய்விட்டதா?

பதில்: தம்பி, டர்போவை விட்டுவிடுங்கள். ஐட்லிங்கில் டர்போவுக்கு வேலையே இல்லை. அப்போது வேக்குவத்தை உண்டாக்குபவை இரண்டு: கீழே இறங்கும் பிஸ்டன்கள், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை விடும், இப்போது கிட்டத்தட்ட மூடியிருக்கும் த்ராட்டில் தகடு. பிஸ்டன் காற்றை இழுக்கிறது, தகடு வழிவிட மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் உங்கள் முள் காட்டுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். முள் 13 காட்டுகிறது என்றால், ஐட்லிங்கில் அணையாமல் ஓடுவதற்கே உங்கள் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகக் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்று பொருள். ஏன் அதிகக் காற்று வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சும் முழு பலனைத் தராவிட்டால், நிமிடத்துக்கு அதே 800 சுற்றில் ஓட எஞ்சின் இன்னும் கொஞ்சம் காற்றையும் பெட்ரோலையும் கேட்கும். கம்ப்யூட்டர் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறக்கும். முள் இறங்கும். மூடாத வால்வு, தேய்ந்த ரிங், தாமதமான இக்னிஷன், ஒரு பல் தள்ளி மாட்டிய டைமிங் பெல்ட், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அடைப்பு எல்லாமே இந்த வழியில்தான் முள்ளைக் கீழே இழுக்கின்றன.

கசிவின் வழி வேறு. த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. காற்றை அளக்கும் சென்சார் அதைப் பார்க்கவில்லை, எனவே அதற்கான பெட்ரோல் போகவில்லை. கலவை மெலிகிறது. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில், ஓட்டை வழியாக வரும் காற்றின் அளவுக்குக் கம்ப்யூட்டர் த்ராட்டிலை மூடி ஈடுகட்டிவிடும். அதனால் சிறிய கசிவு முள்ளில் தெரியாமலே போகலாம். கலவை மெலிந்து ஒரு சிலிண்டர் தடுமாற ஆரம்பித்த பிறகுதான் முள் இறங்கும். அதாவது முள் மட்டும் பார்த்தால் கசிவையும் எஞ்சின் பலவீனத்தையும் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய ஒரு ஸ்கேனர் போதும். காற்று அளவு சென்சார் உள்ள கார் என்றால் மூன்று எண்களைப் பாருங்கள்: ஒரு விநாடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டும் அளவு) எத்தனை சதவீதம். சூடான 2 லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் விநாடிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் காற்று எடுக்கும். உங்கள் காரில் கிராம் கணக்கு குறைவாக, த்ராட்டில் வழக்கத்தைவிட மூடி, திருத்தம் கூட்டல் 15, 20 என்று ஏறி, 2500 சுற்றில் அந்தத் திருத்தம் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் அது கசிவு. சுற்று கூடும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுகிறது, திருத்தம் இறங்குவது அதனால்தான். மாறாக, 4 கிராமுக்கு மேல் போய், த்ராட்டிலும் அதிகம் திறந்து, திருத்தம் மட்டும் சாதாரணமாக இருந்தால் ஓட்டை தேடாதீர்கள். எஞ்சின் சோர்ந்து ஓடுகிறது.

இந்த மூன்று எண்களை நான் கற்றுக்கொண்டது சுலபமாக அல்ல. சில வருடங்களுக்கு முன் உங்கள் கார் மாதிரியே ஒன்று என்னிடம் வந்தது. முள் 12-இல், அசைவில்லாமல். இரண்டு நாள் நான் கசிவைத் தேடினேன். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை மாற்றினேன், இன்ஜெக்டர் ரப்பர் வளையங்களை மாற்றினேன், புகை விட்டுப் பார்த்தேன். எங்குமே புகை வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் ஸ்கேனரை நிதானமாகப் பார்த்தேன்: 4.6 கிராம், திருத்தம் கூட்டல் 2. அந்த விநாடியே விடை கிடைத்துவிட்டது. உரிமையாளரிடம் கேட்டேன். இரண்டு மாதம் முன்பு வேறோர் இடத்தில் தண்ணீர் பம்ப்புடன் டைமிங் பெல்ட்டும் மாற்றியிருக்கிறார். மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு பல் பின்தங்கியிருந்தது. சரியாக மாட்டியதும் முள் 18-க்கு வந்து நின்றது. அந்த மனிதர் இரண்டு மாதமாக இழுவை இல்லாத காரை ஓட்டிக்கொண்டு, அதிகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்று முதல், எண்களைப் பார்க்காமல் ஒரு கிளாம்ப்பைக்கூட நான் தளர்த்துவதில்லை.

உங்கள் முள் ஆடாமல் 13-இல் நிற்கிறது என்பது முக்கியமான குறிப்பு. ஒரு வால்வு மட்டும் எரிந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் முள் ஒழுங்கான தாளத்தில் வெட்டி இறங்கும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் ஐட்லிங்கில் படபடத்து, சுற்றுக் கூடும்போது அடங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நேர்மாறு, சுற்றுக் கூடக் கூட ஆட்டம் விரியும். எதுவும் இல்லாமல் தாழ்ந்து அமைதியாக நிற்பது எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே மாதிரி பாதிக்கும் குறையைக் காட்டுகிறது: டைமிங், இக்னிஷன், அல்லது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் ஒரு கசிவு. கேம் கோணத்தை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பு உங்கள் எஞ்சினில் இருந்தால் அதையும் பாருங்கள். எண்ணெய்க் கசடு சிக்கி அது முன்னேறிய நிலையிலேயே நின்றுவிட்டால், இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, எரிந்த வாயு மேனிஃபோல்டுக்கே திரும்பும். முள் இறங்கும், அதிர்வும் வரும்.

கன்வெர்ட்டர் அடைப்பைச் சந்தேகித்தால், 2500 சுற்றில் பிடித்து நிறுத்துங்கள். முள் முதலில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பின்னழுத்தம் கூடுகிறது. டர்போ காரில் இதை உறுதிசெய்ய அழுத்தத்தை, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்போவின் டர்பைனுக்குப் பிறகு அளக்க வேண்டும், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் துளையில். டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் இருப்பது டர்போவின் இயல்பு, அங்கே அளந்து பயப்படக் கூடாது. ஐட்லிங்கில் 10 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டினால் அடைப்புதான்.

கடைசியாக, பூஸ்ட் ஏறுகிறது என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சின்ன ஓட்டை வழியே வெளியேறும் காற்றை டர்போ கூடுதலாகச் சுழன்று சமாளித்துவிடும். நண்பர்கள் சொன்ன எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 17 முதல் 22 அங்குலம் என்பது கடல் மட்டத்தில், டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. பழைய டர்போ எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டரில் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு) குறைவு. 1975-இல் வந்த முதல் போர்ஷே 911 டர்போவில் அது 6.5 மட்டுமே. கம்ப்ரஷன் குறைந்தால் ஒவ்வொரு எரிப்பின் பலனும் குறைகிறது, ஐட்லிங்குக்கே கூடுதல் காற்று வேண்டும். பழைய டர்போவில் 15, 16 காட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். 13 என்பது தேட வேண்டிய எண். தேடுங்கள், ஆனால் மேலே சொன்ன வரிசையில் தேடுங்கள்.

கேள்வி: த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) பைப் கிழிந்திருந்தால் ஐட்லிங்கில் வேக்குவம் குறையுமா?

பதில்: நேரடியாகக் குறையாது. டர்போவிலிருந்து த்ராட்டில் வரை உள்ள பாதையில் ஐட்லிங்கின்போது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். அங்கே ஓட்டை இருந்தால் பூஸ்டின்போது காற்று வெளியேறும், இழுவை குறையும், காற்று அளவு சென்சார் உள்ள காரில் கரும்புகை வரும். த்ராட்டில் தகட்டை ஓர் எல்லைக்கோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முன்னால் உள்ள குறை பூஸ்டில் தெரியும். பின்னால் உள்ள குறை ஐட்லிங்கில் தெரியும்.

ஆனால் கோட்டைத் தாண்டிப் போய்வரும் உறுப்புகள் டர்போ காரில் உண்டு. டர்போ இல்லாத காரில் பழகியவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். முதலாவது, ஆக்சிலரேட்டரை விடும்போது பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு. வேக்குவத்தால் இயங்கும் வகையில், அதன் தலையில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வருகிறது, உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம். அந்த டயஃப்ரம் கிழிந்தால் மேனிஃபோல்டுக்கு நேரான ஓட்டை அது. வெளியிலிருந்து பார்க்க வால்வு புத்தம் புதிதாகவே தெரியும். ஹோஸைக் கழற்றிக் கைப்பம்பால் வேக்குவம் கொடுத்துப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றுங்கள்.

இரண்டாவது, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்கேஸில் சேரும் வாயுவை இழுக்கும் பி.சி.வி. வால்வு. டர்போ காரில் அதற்கு இரட்டை வேலை. ஐட்லிங்கில் வாயுவை மேனிஃபோல்டுக்கு விட வேண்டும், பூஸ்டில் அந்த வழியை மூடி வாயுவை டர்போவின் வாய்க்கு அனுப்ப வேண்டும். மூடாமல் போனால் பூஸ்ட் முழுவதும் கிராங்கேஸுக்குள் இறங்கி எண்ணெய் சீல்களைத் தள்ளும். எங்கிருந்து என்றே தெரியாமல் எண்ணெய் கசியும் பல டர்போ எஞ்சின்களில் மூல காரணம் இதுதான். டயஃப்ரம் வைத்த வகையில் அது கிழிந்தால் ஐட்லிங்கில் ஒரு விசில் சத்தம் கேட்கும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்க முயன்றால் உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இறுகியிருக்கும்.

பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. அதன் ஹோஸை விரலால் அடைத்து, ஐட்லிங் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பாதை முழுவதையும் சோதிக்க, டர்போவின் வாயில் ஒரு அடைப்பைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புநீர் தெளிக்கலாம். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். உங்கள் காரின் வழக்கமான பூஸ்டைத் தாண்டக் கூடாது. 0.7 பார் பெரும்பாலும் போதும், அதையும் மெல்ல ஏற்ற வேண்டும். டர்போவின் வாய்க்குச் செல்லும் கிராங்கேஸ் ஹோஸைக் கழற்றி, டர்போ பக்கத்துத் துளையை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமே எண்ணெய் சீல்களைத் தள்ளிவிடும். அடைப்புக்கு நேரெதிரில் நிற்காதீர்கள். சரியாக இறுக்காத அடைப்பு தோட்டா மாதிரி வரும்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, சுற்று மாறும் இடத்தில் கசிவு என்று கண்டுபிடிக்கலாமா? என் மாமா அப்படித்தான் செய்வார்.

பதில்: உங்கள் மாமா அதைக் கற்றுக்கொண்ட காலத்தில் எஞ்சினின் பக்கத்தில் டர்போ இருந்திருக்காது. ஓடி வந்து நின்ற டர்போ காரில் டர்பைன் உறை பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன் அருகே எரியும் திரவத்தைத் தூவுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமாவிடமும் சொல்லுங்கள். ஒரு சிறு தீப்பிடிப்பில் முகம் கருகிய ஒருவரை நான் அறிவேன். புகை விட்டுச் சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். அது கிடைக்காவிட்டால், ஒவ்வொரு ஹோஸாக மூக்குப் பிடியால் மென்மையாக நெரித்து, ஐட்லிங் மாறுகிறதா என்று கவனியுங்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸையும் இந்த வரிசையில் சேருங்கள், காரை நிறுத்திய நிலையில் மட்டும்.

கேள்வி: மாற்றலாகி மலைப்பகுதிக்கு வந்திருக்கிறோம், சுமார் 2000 மீட்டர் உயரம். சமவெளியில் 19 காட்டிய முள் இங்கே 13-தான் காட்டுகிறது. கார் நன்றாகவே ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: எதுவும் செய்ய வேண்டாம் அம்மா, உங்கள் எஞ்சின் நலமாக இருக்கிறது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசம். 1643-இல் டொரிசெல்லி கண்ணாடிக் குழாயில் நிறுத்திய பாதரசக் கம்பம்தான் இன்றும் நம் அங்குலக் கணக்கு. கடல் மட்டத்தில் அது 29.92 அங்குலம், அதாவது 101.3 கிலோபாஸ்கல். 2000 மீட்டரில் வெளிக்காற்று சுமார் 79.5 கிலோபாஸ்கல்தான், 23.5 அங்குலம். எஞ்சினுக்கு ஐட்லிங்கில் தேவைப்படும் காற்று அதேதான், உள்ளே சுமார் 36, 37 கிலோபாஸ்கல். கழித்துப் பாருங்கள்: கீழே 19, மேலே 13. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும்.

இதனால்தான் ஸ்கேனரில் மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரைப் பார்ப்பதை நான் அதிகம் விரும்புகிறேன். அது முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணும், மலை அதை ஏமாற்றாது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சாரே பொய் சொல்கிறது.

கேள்வி: டீசல் டர்போ காரில் கேஜ் பொருத்தினேன். முள் பூஜ்யத்தைவிட்டு வேக்குவம் பக்கம் நகரவே இல்லை. எஞ்சின் திறக்க வேண்டும் என்கிறார் ஒருவர்.

பதில்: தயவுசெய்து திறக்க விடாதீர்கள். டீசல் எஞ்சினில் காற்றை நெரித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கம் இல்லை. டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் ஓட்டுகிறோம். சில டீசல்களில் த்ராட்டில் போன்ற ஒரு தகடு இருந்தாலும் அது எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பி இழுக்கவும், எஞ்சினை அதிர்வின்றி அணைக்கவும்தான். மேனிஃபோல்டில் வேக்குவம் இல்லை என்பதால்தான் பிரேக்குக்குத் தனி வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரேக் கட்டையாக இறுகினால் அந்தப் பம்பைச் சோதியுங்கள். மேனிஃபோல்டில் பூஜ்யம் என்பது சரியான எண்.

பெட்ரோலிலும் இப்படிச் சில உண்டு. பி.எம்.டபிள்யூ. 2009-இல் கொண்டுவந்த என்55 போன்ற எஞ்சின்களில் டர்போவுடன், வால்வு திறக்கும் உயரத்தையே மாற்றும் ஏற்பாடும் இருக்கிறது. காற்றை நெரிப்பது வால்வுதான். த்ராட்டில் பெரும்பாலும் திறந்தே இருக்கும், மேனிஃபோல்டில் மிகக் குறைந்த வேக்குவம்தான் வரும். அந்த வகைக் காரில் 18 அங்குலம் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ஐட்லிங்கில் முள் 20 காட்டுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் 20-லேயே நிற்கிறது, எஞ்சினை அணைத்த பிறகும் இறங்குவதில்லை.

பதில்: கேஜின் குழாயைப் பிரேக் பூஸ்டர் ஹோஸில், ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம் இணைத்திருக்கிறீர்கள். பூஸ்டரில் சேமித்து வைத்த வேக்குவத்தைத்தான் முள் காட்டுகிறது. அந்த ஹோஸை வெட்டியது யாராக இருந்தாலும், இன்றே அதை மாற்றிப் புதிய ஹோஸ் போடுங்கள். பிரேக்குக்கான பாதையில் எந்த இணைப்பும் வேண்டாம். கேஜுக்கு மேனிஃபோல்டிலிருந்து, த்ராட்டிலுக்குப் பின்னால், தனி வழி எடுங்கள். மாற்றிய பிறகு எஞ்சினை அணைத்து நான்கைந்து முறை பிரேக் மிதித்து, மிதியை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் சரியாக இருக்கிறது. இறங்காவிட்டால் காரை எடுக்காதீர்கள்.